அணியத்திலிருந்து வந்த குரல்

பவளப் பாறைகள் கரைவரை ஏறிக் கிடக்கும் ஒரு மீன்பிடித் துறை. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் கிழிந்துவிடும். கடலடியில் கிடக்கும் அந்தப் பாறைத் திட்டுக்கு அங்கே 'பார்' என்று பெயர். பேச்சில் அது 'பாரு' ஆகிவிடும்.

அந்தத் துறையில் பிறந்த ரெஜினா, உள்நாட்டுக்காரனான தன் கணவன் ஆரோனுடன் அண்ணன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாள். காலையில் கரையில் நடந்தபோது, அவள் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடங்களை அண்ணன் கஸ்பார் பார்த்துவிட்டான். ஆரோனின் சட்டையைப் பிடித்துப் பாறையில் சாய்த்து அழுத்தினான்.

"மாப்பிள, இன்னொரு தடவை அவ மேல கை பட்டுச்சு, இந்தப் பாருல வச்சுத் தேச்சுருவேன் உங்கள. சரி, சாப்பிட வாங்க."

முதுகில் ரத்தம் கசிய, ஆரோன் சிரித்துக்கொண்டே பின்னால் போனான்.

மதியம் இருவரும் வல்லத்தில் கடலுக்குப் போனார்கள். திரும்பும்போது ஆரோன் ஆசையாகக் கேட்டுச் சுக்கானை வாங்கிக்கொண்டான். கஸ்பார் அணியத்தில், அதாவது வல்லத்தின் முன்தலையில், நின்று வழி சொன்னான். கரை நெருங்கியபோது அவன் கத்தியது கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"இடப்பக்கம் பாரு! பாரு!"

வல்லம் இடப்பக்கமே திரும்பிப் பாறையில் மோதியது. கஸ்பார் தெறித்து விழுந்தான். அடுத்த அலை வல்லத்தைத் தூக்கி அவன் மார்பின்மேல் போட்டது. கரைக்கு இழுத்து வந்தபோது உயிர் இல்லை. முதுகில் தோலும் இல்லை.

கரையில் நின்ற கஸ்பாரின் தம்பி தொபியாஸ் துடுப்பால் அடித்த முதல் அடியில் ஆரோனின் முழங்கை முறிந்தது. அடுத்த அடி தலைக்கு ஓங்கியபோது ரெஜினா பாய்ந்து துடுப்பைப் பிடித்தாள்.

"விடுக்கா!"

"மச்சான்தான பாருன்னாரு!" ஆரோன் அலறினான். "இடப்பக்கம் பாக்கச் சொல்றாருன்னு திரும்பினேன். கையும் கூடவே திரும்பிருச்சு!"

அணியத்துக் குரலைக் கேட்டுத் திருப்பியவன்மேல் பழியில்லை என்பது அந்தத் துறையின் வழக்கம். கூட்டம் தயங்கியது. எல்லோரும் ரெஜினாவைப் பார்த்தார்கள்.

ஆரோன் சொன்னது மெய்யா, பொய்யா? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: பொய். அந்தச் சொல்லின் பொருள் காலையிலேயே அவன் முதுகில் பதிந்திருந்தது. ரெஜினாவுக்கு இன்னொன்றும் தெரியும். "கொல்லுவேன்னு மெரட்டுனப்பகூட எங்கண்ணன் உங்களுக்கு மரியாதை குறைக்கல. உங்களப் பாக்கச் சொல்லியிருந்தா 'பாருங்க'ன்னுதான் கத்தியிருக்கும்" என்றாள். அதன்பின் அவள் செய்தது சரியா என்பதற்கு என்னிடம் விடை இல்லை. பிடித்திருந்த துடுப்பை விட்டுவிட்டாள்.