ராஜாவின் திரையும் தரகனின் துண்டும்

முன்னொரு காலத்திலே வெண்காட்டு நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் அதன் தலையிலேயே இன்னொரு சட்டம் போடுவான். அப்படிப்பட்டவனுக்குச் சந்தை அதிகாரியாக வல்லபராயர் வாய்த்தார். கேட்கவா வேண்டும்!

அந்த நாட்டு மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. எதிரெதிரே நிற்கும் இரண்டு தரகர்கள் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போடுவார்கள். உள்ளே விரலைத் தொட்டுத் தொட்டே பேரம் முடிந்துவிடும். மகள் கல்யாணத்துக்கு வழியில்லாமல் உழவு மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றவன்கூடத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவான். என்ன விலைக்குப் போச்சு என்று ஊருக்குத் தெரியாதல்லவா? மாசாணமும் சடையனும் அப்படி வருஷக்கணக்காகப் பேரம் பேசிய தரகர்கள். வெளியே ஒருத்தனை ஒருத்தன் வாய் ஓயாமல் வைவார்கள். துண்டுக்குள்ளே மட்டும் ஒரு பொய் கிடையாது.

தனக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடப்பதா என்று வல்லபராயருக்கு வயிறு எரிந்தது. "மகாராஜா, துண்டுக்குள் இன்றைக்கு விலை பேசுகிறவன் நாளைக்குச் சதி பேசமாட்டானா?" என்று ராஜாவின் காதில் ஓதினார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "எடு துண்டை!" என்றான். இனிமேல் எவனானாலும் கோட்டைக் காளியம்மன் சந்நிதியில் நின்று, அவள் பேரில் சத்தியம் செய்து, விலையை உரக்கக் கூவித்தான் விற்க வேண்டும். துண்டுக்குள் போன கை வெட்டப்படும்.

சடையன் வீட்டுச் சாமி காட்டுக்குள் ஒரு நடுகல். "அம்மனை நான் குறைவாச் சொல்லலை. ஆனா என் சாமி வேற. இன்னொரு சாமி பேர்ல சத்தியம் பண்ண எனக்கு வாய் வராது," என்று சொல்லிவிட்டுப் பழையபடி துண்டைப் போட்டான். காவலர்கள் பாய்ந்து வந்தார்கள். எதிரே துண்டுக்குள் இருந்த இன்னொரு கை வெடுக்கென்று உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடியது. அது மாசாணத்தின் கை. "அவன் யாரடா?" என்று எவ்வளவு அடித்தும் சடையன் பேரைச் சொல்லவில்லை. அவன் வலது கை மணிக்கட்டோடு போனது.

அதற்கப்புறம் மாசாணத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிசைகிற கையைப் பார்த்தாலே அருவருப்பாக இருந்தது. பாவி, இந்தக் கைதானே ஓடி வந்தது!

அம்மன் கொடைத் திருவிழா வந்தது. கொடையன்று ராஜா கோயிலுக்கு வருவான். சந்நிதியில் பட்டுத் திரை விழும். பூசாரிகூட வெளியே வந்துவிடுவார். ராஜா உள்ளே தனியாக வேண்டிக்கொள்வான். அவன் என்ன வேண்டுகிறான் என்று எவர் காதிலும் விழக் கூடாதென்று, திரை விலகும்வரை மேளக்காரர்கள் அடி பின்னி எடுப்பார்கள்.

அன்றைக்குத் திரை விலகி ராஜா மண்டபத்தில் வந்து உட்கார்ந்த நேரம். மாசாணம் நேராக நடுவில் வந்து, தன் வலது கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"பிடியுங்கள்!" என்று கத்தினார் வல்லபராயர். "மகாராஜா, இதோ இன்னொரு திருட்டுக் கை!"

"அடேய், கடைசியாகச் சொல்கிறேன்," என்றான் ராஜா. "அம்மன் முன்னால் சத்தியம் செய்து உரக்கப் பேசு. இல்லையென்றால் கையை நீட்டு."

மாசாணம் சொன்னான்: "பேசறேன் மகாராஜா. அம்மன் முன்னால எப்படி உரக்கப் பேசறதுன்னு எனக்குத் தெரியலை. இப்பத் திரைக்குப் பின்னால நீங்க பேசினீங்களே, அதை ஒருதரம் உரக்கச் சொல்லிக் காட்டுங்க. அதே மாதிரி நானும் சொல்லிடறேன்."

வல்லபராயர் சும்மா இருந்தாரா? ராஜாவைக் குளிர்விக்க இதுதான் சமயம் என்று முந்திக்கொண்டார். "இதற்கென்ன! எங்கள் மகாராஜா குடிமக்கள் நலத்தைத்தான் வேண்டியிருப்பார். சொல்லுங்கள் மகாராஜா, ஜனங்கள் கேட்டு உருகட்டும்!"

ராஜா வாயைத் திறந்தான். திரும்ப மூடினான். என்ன வேண்டியிருப்பான் என்று என்னைக் கேட்காதீர்கள். அவனுக்கும் அம்மனுக்கும் மட்டுமே தெரிந்தது அது.

"உங்களுக்கு ஒரு திரை இருக்கு மகாராஜா. எங்களுக்கு இந்தத் துண்டுதான்," என்றான் மாசாணம்.

ராஜா கையை உயர்த்திக் காவலர்களை விலக்கினான். "அவரவர் சாமி அவரவருக்கு. அவரவர் விலையும் அவரவருக்கு. சட்டம் ரத்து." பிறகு வல்லபராயர் பக்கம் திரும்பினான். "ஓய், உம் மனசில் இருப்பதை இந்த ஜனங்கள் முன்னால் உரக்கச் சொல்லும் பார்ப்போம்." வல்லபராயர் தூணுக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். தலைப்பாகையும் பதவியும் அங்கேயே கழன்றன.

"கெட்டிக்காரனப்பா நீ. என்ன வேண்டும், கேள்," என்றான் ராஜா.

"சடையனோட கை வேணும் மகாராஜா."

ராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த சந்தையில் துண்டுகள் பழையபடி விரிந்தன. மாசாணத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற சடையனிடம் போனான். துண்டை எடுத்துத் தன் இடது கைமேல் போட்டு நீட்டினான்.

"பீச்சாங்கையாலயா? விளங்குமாடா?" என்றான் சடையன்.

"உனக்கு எது இருக்கோ, எனக்கும் அதுதான்."

சடையன் கன்றின் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அப்புறம் தன் இடது கையை உள்ளே விட்டான். பழகாத விரல்கள் துண்டுக்குள் தடவித் தடவித் தேடின. உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. பேரம் மட்டும் படியவில்லை. சடையன் கையை எடுத்துக்கொண்டு, கன்றை ஓட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

மாசாணம் அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.