பெஞ்சைத் தூக்கிட்டா எபி ஆடிருவான்

எங்க கொக்கிமேட்டுல அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவு பண்றதில்ல, அதனால எல்லார்கிட்டயும் அப்படியே முழுசா இருக்கு.

வடசென்னையில ரயில்வே யார்டுக்குப் பின்னாடி இருக்கற ஏரியா இது. இங்க புள்ள நடக்க ஆரம்பிச்சா முதல்ல எதை உதைக்குதுன்னுதான் பாப்பாங்க. பந்தை உதைச்சா பிளேயர். பக்கத்துல நிக்கறவனை உதைச்சா டிஃபென்டர். ரெண்டையும் விட்டுட்டு காத்தை உதைச்சா, அது வளந்து ரசிகர் ஆயிரும்.

அப்படி காத்தை உதைச்சு வளந்தவங்க மூணு பேரு. தலைவர் டில்லிபாபு, ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்காரு. எதுவா இருந்தாலும் பேனர் அடிச்சு கட்டிட்டு அப்புறம்தான் விஷயம் என்னன்னு கேப்பாரு. செயலாளர் கோதண்டம், ஆட்டோ ஓட்டறாரு. பொருளாளர் மேஷாக், ஃப்ரிட்ஜ் ரிப்பேர். சங்கத்துல பொருள்னு ஒண்ணும் இல்லாததால அவருக்கு வேலை கம்மி. சும்மா இருக்காரேன்னு யோசனை சொல்ற பொறுப்பையும் அவர்கிட்டயே குடுத்துட்டாங்க. மூணு பேரும் நடத்தறதுக்குப் பேரு 'எபி ரசிகர் பேரவை'.

எபின்னா எபினேசர். பத்தொம்பது வயசு, லெஃப்ட் விங். பந்து அவன் கால்ல ஒட்டிக்கும், அவன் சொன்னாத்தான் இறங்கும். "அவன் இடது காலுக்குத் தனியா ஒரு மூளை இருக்கு"ன்னு அவனுக்குச் சின்ன வயசுலருந்து பந்து சொல்லிக்குடுத்த சம்பந்தம் மாஸ்டர் ஒருதடவை சொல்லிட்டாரு. அதுலருந்து மேஷாக் அந்தக் காலுக்கு ஹெல்மெட் வாங்கணும்னு வசூல் பண்ணிட்டிருக்காரு.

எபிக்கு ஒரே ஒரு ஆசை. இந்தியா ஜூனியர் டீம். கேம்ப் கோவாவுல நடக்கப் போகுது. போன வருஷமும் கூப்பிடல, அதுக்கு முந்தின வருஷமும் கூப்பிடல. இந்த வருஷத்தோட வயசு தாண்டிரும். அதுக்கப்புறம் மாமாவோட லேத் பட்டறைதான்.

அந்த நேரம் பாத்து அவனுக்கு ரெண்டு க்ளப்லருந்து அழைப்பு. ஒண்ணு பெரிய க்ளப், கிழக்குக்கரை சிட்டி. இன்னொண்ணு சின்ன க்ளப், யார்டு ரோவர்ஸ். டில்லி அண்ணன் கடையில பேரவை அவசரமா கூடிச்சு. சம்பந்தம் மாஸ்டர், ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலே வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாரு.

"சிட்டிக்குப் போனா பையன் பெஞ்ச்ல உக்காந்துருவான்யா. ஆட விட மாட்டாங்க. ஆடுனாத்தான் செலக்டர் கண்ணுல படுவான். கண்ணுல பட்டாத்தான் இந்தியா."

அவ்ளோதான். ஸ்கூட்டர் போயிருச்சு, புகை மட்டும் நின்னுச்சு. அந்தப் புகைக்குள்ள மூணு பேரும் ரொம்ப நேரம் சிந்திச்சாங்க.

"அப்ப ரோவர்ஸ்தான்" அப்படின்னாரு கோதண்டம்.

"அதெப்படி, நான் சிட்டின்னு பேனர் அடிச்சிட்டேனே" அப்படின்னாரு டில்லி. "இருபதுக்குப் பத்து. கண்ணு கூசற நீலம். அழிக்க முடியாது."

"சரி, பேனர் அடிச்சாச்சுன்னா முடிவு ஆயிருச்சு. ஆனா பெஞ்ச்?"

மேஷாக் கண்ணை மூடினாரு. அவர் யோசிக்கறப்ப யாரும் பேசக் கூடாது. ஃப்ரிட்ஜ் மாதிரி லேசா ஒரு சத்தம் வரும்.

"எபி அங்க போனா பெஞ்ச்ல உக்காருவான். ஏன் உக்கார்றான்? பெஞ்ச் இருக்கு, உக்கார்றான். பெஞ்சைத் தூக்கிட்டா?"

"ஆடித்தான் ஆகணும்" அப்படின்னாரு டில்லி. "வேற வழி?"

"இது ஏன் மாஸ்டருக்குத் தோணல?"

"அவர் படிச்சவருப்பா, பாவம்."

எபியும் சிட்டியிலயே கையெழுத்துப் போட்டான். பேனரைப் பாத்து இல்லீங்க. செலக்டர் சிட்டி மேட்சுக்குத்தான் வருவாருன்னு அவனுக்குத் தெரியும், கடைசி பத்து நிமிஷம் இறக்கி விட்டாக்கூடப் போதும்னு ஒரு கணக்கு. நேரா பேரவைக்கு வந்து சொன்னான். "அண்ணே, உங்க கால்ல விழறேன், நீங்க மட்டும் கிரவுண்டுக்கு வந்துராதீங்க."

மூணு பேரும் காலைச் சேத்து வச்சு காத்திருந்தாங்க. அவன் விழவே இல்ல, போயிட்டான்.

"விழறேன்னு சொன்னான், விழல. அப்ப வராதீங்கன்னு சொன்னதும் சும்மாதான்" அப்படின்னாரு கோதண்டம். பேரவை அதை ஏத்துக்கிச்சு.

முதல் மேட்ச் அன்னிக்குக் காலையிலயே ஆட்டோ போயிருச்சு. கிரவுண்டு வாட்ச்மேன் கேட்டாரு, "எங்கப்பா பெஞ்சை எடுத்துட்டுப் போறீங்க?" டில்லி உண்மையைச் சொன்னாரு. "எங்க எபி ஆடறதுக்குத்தான் சார்." ஏதோ கோயில் விழா டான்ஸ் ப்ரோக்ராம் போலன்னு நினைச்சு வாட்ச்மேனே ஒரு கை புடிச்சு ஏத்தி விட்டாரு.

மேட்ச் ஆரம்பிச்சுது. எபி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தான்.

"மாஸ்டர் சேரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே" அப்படின்னாரு மேஷாக். மனசு ரொம்ப வருத்தப்பட்டுட்டாரு.

அன்னிக்கு எபி ஆடல. இடைவேளையில சிட்டி மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து கேலரிக்கு வந்தாரு. பாத்தா நம்மாளுங்க மூணு பேரும் அதே பெஞ்ச் மேல உக்காந்து கடலை சாப்பிட்டிட்டிருக்காங்க.

"ஏங்க, எங்க பெஞ்சை யாராவது பாத்தீங்களா?"

"பெஞ்சா?" அப்படின்னாரு டில்லி. "எப்படி சார் இருக்கும்?"

"இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே மாதிரி."

"அது பெஞ்ச் சார். ஆடாதவங்க உக்கார்றது. நாங்க ஆடவே வரலியே, பாக்க வந்திருக்கோம். அப்ப இது கேலரி."

மேனேஜர் பெஞ்சை ஒருதடவை குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிட்டாரு.

ரெண்டாவது மேட்சுக்கு சேரையும் காணோம். எபி தரையில உக்காந்தான். மூணாவது மேட்சுக்குத்தான் செலக்டர் வராரு. பேரவைக்குத் தூக்கம் போச்சு.

"பெஞ்சைத் தூக்கியாச்சு, சேரைத் தூக்கியாச்சு. தரையை எப்படிப்பா தூக்கறது?"

"ஜேசிபி சொல்லிப் பாக்கலாமா?"

"வேணாம்" அப்படின்னாரு மேஷாக். "தரை இருந்துட்டுப் போகட்டும். தண்ணி ஊத்திட்டா எவன் உக்காருவான்?"

அடுத்த பிரச்சினை அதைவிடப் பெருசு. செலக்டர் கண்ணுல படணும்.

"யாரு படணும்?" அப்படின்னாரு கோதண்டம்.

"எபிதான்."

"முழு எபியுமா? அவன் அறுபது கிலோ இருப்பானே. கண்ணு தாங்காதுப்பா."

"அவன் அடிச்ச பந்து பட்டாப் போதும். பந்து பட்டா அவன் பட்ட மாதிரிதான்."

"எந்தக் கண்ணுல?"

இதுல கொஞ்சம் சண்டையே வந்துருச்சு. எபி இடது கால் பிளேயர், அதனால இடது கண்ணுன்னாரு டில்லி. எதிர்ல உக்கார்றவருக்கு நம்ம இடது வலதாயிரும், அதனால வலதுன்னாரு மேஷாக். கோதண்டம் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, சைடு கண்ணாடியை வச்சு பாத்தாரு. மூணு பேருக்கும் மூணு பதில் வந்துச்சு. கடைசியா 'எந்தக் கண்ணா இருந்தாலும் பரவால்ல'ன்னு தீர்மானம் போட்டாங்க.

இருங்க, பஸ் கண்டக்டர் வந்துட்டாரு. ஆங், டிக்கெட் வாங்கியாச்சு. கதையை எங்க விட்டேன்? செலக்டர்.

செலக்டர் வந்தாரு. நல்ல மனுஷன், நரைச்ச தலை, மூக்குல சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் பாத்ததும் பேரவைக்கு உயிரே போயிருச்சு.

"கண்ணாடி போட்டிருக்காருப்பா. பந்து கண்ணாடி மேல பட்டா கண்ணுல பட்டதாகுமா?"

"எப்படி ஆகும்? கண்ணாடியில பட்டா கண்ணாடியைத்தான் இந்தியாவுக்கு எடுப்பாங்க."

கோதண்டம் மெதுவா செலக்டர் பக்கத்துல போனாரு. "சார், கண்ணாடியில தூசி. குடுங்க, துடைச்சுத் தரேன்." மனுஷன் நம்பிக் குடுத்தாரு. கோதண்டம் நல்லா துடைச்சாரு. துடைச்சு சட்டைப் பையில போட்டுட்டு கேலரியில தன் இடத்துக்கு வந்துட்டாரு.

மேட்ச் ஆரம்பம். செலக்டருக்கு எதிர்ல பச்சையா ஒரு பெரிய கறை, அதுக்குள்ள சின்னச் சின்னக் கறைங்க ஓடுது. பக்கத்துல அசிஸ்டென்ட் பையில தேடறாரு, சீட்டுக்கு அடியில தேடறாரு. கண்ணாடி இல்ல.

அந்தப் பக்கம் சிட்டியோட சப்ஸ்டிட்யூட் எல்லாம் சேத்துல உக்காந்து எந்திரிச்சு, மறுபடி உக்காந்தாங்க. வேற என்ன பண்றது. எபி மட்டும் மறுபடி உக்காரல. டிராயர் நனைஞ்சுருச்சு, காயட்டும்னு நின்னுட்டே இருந்தான். ரெண்டாவது பாதியில சிட்டி லெஃப்ட் விங்குக்குத் தொடை புடிச்சுக்கிச்சு. கோச் திரும்பிப் பாத்தாரு. எல்லாரும் கீழ இருக்காங்க, ஒருத்தன் மட்டும் நிக்கறான்.

"ரெடியாத்தான் இருக்க போல. இறங்கு."

கேலரியில மேஷாக் கோதண்டத்தைப் பாத்தாரு. கோதண்டம் டில்லியைப் பாத்தாரு. ஒருத்தரும் கத்தல, குதிக்கல. சயின்டிஸ்டுங்க மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கிட்டாங்க.

அப்புறம் எபி ஆடினான் பாருங்க. சத்தியமா சொல்றேன், அந்த மாதிரி ஆட்டத்தை நான் பாத்ததே இல்ல. மூணு பேரை ஒரே திருப்புல உக்கார வச்சான். கார்னர் கொடிக்கிட்ட பந்தை நிறுத்திட்டு டிஃபென்டரை மட்டும் வெளிய அனுப்பினான். தலையைத் தூக்காம பாஸ் குடுத்து ஒரு கோல் போட வச்சான். கிரவுண்டே எந்திரிச்சு நின்னுச்சு, செலக்டரும் எந்திரிச்சு நின்னாரு. "என்னாச்சு, என்னாச்சு"ன்னு அசிஸ்டென்ட்கிட்ட கேட்டாரு. அசிஸ்டென்ட் தலை சீட்டுக்கு அடியில இருந்துச்சு.

வாழ்க்கையிலயே நல்லா ஆடின ஒரு மேட்ச். பாக்க வேண்டிய ஒரே ஆளுக்கு அது பச்சைக் கறை.

கடைசி நிமிஷம். முப்பது கெஜத்துலருந்து எபி இடது காலால ஒண்ணு விட்டான். மேல் கம்பத்துல இடிச்சு, அந்த வேகம் கொஞ்சமும் குறையாம, பந்து நேரா கேலரிக்குப் போயி...

வலது கண்ணு. மேஷாக் சொன்னதுதான் சரி.

எபி ஓடினான். இந்தியாவும் போச்சு, கோவாவும் போச்சு, லேத் பட்டறை கதவு தொறக்கற சத்தம் அவனுக்கு அப்பவே கேட்டிருக்கும். செலக்டர் முன்னாடி முட்டி போட்டு, "சார், தெரியாம பட்டுருச்சு சார்"னு அழறான்.

செலக்டர் ஈரக் கைக்குட்டையைக் கண்ணுல வச்சுட்டு உக்காந்திருந்தாரு. அசிஸ்டென்ட் கேட்டாரு. "சார், ரிப்போர்ட்ல யார் பேரு எழுதறது?"

"இந்த மேட்ச்ல எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பந்துதான்யா" அப்படின்னாரு செலக்டர். "நல்லாத் தெரிஞ்சுது. கிட்டத்துல தெரிஞ்சுது. அதை அடிச்சவன் பேரை எழுது."

அப்படித்தாங்க எபி கேம்புக்குத் தேர்வானான். கோதண்டம் கண்ணாடியைத் திருப்பிக் குடுத்தாரு. "இப்ப சுத்தமா இருக்கு சார்."

கதை இதோட முடிஞ்சிருக்கலாம். ஆனா எபியை ஸ்டேஷன்ல ரயில் ஏத்தி விட வந்த சம்பந்தம் மாஸ்டர் பழக்கதோஷத்துல வாயைத் தொறந்துட்டாரு. "கேம்புக்குப் போனா மட்டும் பத்தாது எபி. டீம்ல இடம் பிடிக்கணும். நாப்பது பேர் வரான், எடம் கொஞ்சம்தான்."

பின்னாடி நின்ன மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"இடம் பிடிக்கணுமாம்."

"பஸ்ல பிடிக்கற மாதிரிதானே?"

"துண்டு இருக்கு. போடறதுக்குத்தான் சீட்டு வேணும்."

"நம்மகிட்டதான் பெஞ்ச் இருக்கே."

அடுத்த ரயில்லயே கிளம்பிட்டாங்க, பெஞ்சோட. டிடிஆர் டிக்கெட் கேட்டாரு. டில்லி மரியாதையா எடுத்துச் சொன்னாரு. "சார், உங்க சீட்ல உக்காந்தாத்தானே உங்களுக்கு டிக்கெட்? நாங்க எங்க பெஞ்ச்ல உக்காந்திருக்கோம்." நடுவுல ஒரு ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டாங்க. அதுக்கடுத்த ரயில்ல ஏறினாங்க. அங்கயும் இறக்கினாங்க. எப்படியோ கோவா வந்துருச்சு.

கேம்ப் கிரவுண்டுல முதல் நாள் பிராக்டீஸ் மேட்ச். கோட்டுக்கு வெளிய நல்ல நிழல் பாத்து பெஞ்சைப் போட்டாங்க, அது மேல கட்டம் போட்ட துண்டை விரிச்சாங்க. இந்தியா கோச் விசில் ஊதிக் களைச்சுப்போயி உக்கார வந்தாரு. மேஷாக் கையை நீட்டி மறிச்சாரு.

"சார், துண்டு போட்டிருக்கு பாருங்க. ஆள் வராங்க."

கோச்சுக்குத் தமிழ் தெரியாது. ஆனா துண்டுன்னா என்னன்னு தெரியும்போல. நின்னுட்டாரு.

எபியைப் புடிச்சு இழுத்துட்டு வந்து துண்டு மேல உக்கார வச்சாங்க. "உக்காருடா, உன் இடம்." அந்த நேரம் பாத்து கோச் திரும்பி விசில் ஊதி, எபியைக் கை காட்டினாரு. வா, இறங்கு, ஆடுன்னு. எபி துள்ளி எந்திரிச்சான். எந்திரிக்க முடியல. ரெண்டு தோள்லயும் ரெண்டு பேரு, மடியில டில்லிபாபு.

"விடுங்கண்ணே, ஆடக் கூப்பிடறாங்க."

"கூப்பிடுவான்டா, அதான் தந்திரமே" அப்படின்னாரு டில்லி, எந்திரிக்காமலே. "நீ அந்தாண்ட போனதும் இந்தாண்ட வேற எவனாவது உக்காந்துருவான்."