ஐந்து தூணும் முடிந்தது

முன்னொரு காலத்தில் சிறுவரை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நாடு ஏழை நாடு. ராஜாவுக்கோ விருந்து என்றால் உயிர். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான்.

நாட்டுக்குக் குறுக்கே கருநீலி ஆறு ஓடியது. அக்கம்பக்கத்து நாடுகள் ஐந்து சேர்ந்து ஒரு பேரவை வைத்திருந்தன. சிறுவரைக்குப் பாலம் கட்டித் தருவதென்று பேரவை முடிவெடுத்தது. நல்ல மனசுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளுக்கொரு தூண் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாட்டுக் கொத்தனும் தன் நாட்டு அளவுகோலால் பதினைந்து கோல் அளந்து கட்டினான். ஐந்து கோலும் ஐந்து நீளம். தூண்களும் ஐந்து உயரத்தில் நின்றன. மேலே பாலம் போட வழியில்லை. சிறுவரைக்காரன் ஒருவனையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

"எங்கள் தூண் முடிந்தது" என்று ஐந்து நாட்டிலிருந்தும் ஓலை வந்தது. விருந்தினரைக் கவனிக்கும் அதிகாரி ஏகாம்பரநாதன் அவற்றைச் சபையில் படித்தான்.

"ஐந்தும் முடிந்தால் பாலம் முடிந்தது, மகாராஜா. இனி ஓடம் எதற்கு? அந்த ஐந்து நாட்டுத் தூதர்கள் பார்த்தால் நமக்குத்தான் அவமானம்."

ராஜா தலையாட்டினான். ஓடங்களைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள்.

அந்த மாதமே ஓடக்காரி இருளாயியின் மகள் பேச்சிக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி இருந்தது அக்கரையில். ஆற்றில் வெள்ளம். ஒன்றரை நாள் துடித்துப் பேச்சி செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை.

இருளாயி சபைக்கு வந்து நின்றாள். "என் ஓடம் இருந்திருந்தா எம்மவ பொழச்சிருப்பா, சாமி."

"பாலம் இருக்கும்போது மருத்துவச்சி நடந்து வரவேண்டியதுதானே?" என்றான் ஏகாம்பரநாதன். அந்த வாயை என்ன சொல்ல!

"அங்கே பாலம் இல்லை, மகாராஜா" என்றார் மந்திரி கூத்தபிரான்.

"பார்த்தீர்களா, நமக்கு உதவியவர்களையே மந்திரி குறை சொல்கிறார்!" மந்திரி பதவி மேல் ஏகாம்பரநாதனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மந்திரி! பாலம் இல்லை என்று தூதர்களே சொல்ல வேண்டும். நீர் அவர்களை ஒரு வார்த்தை குறை சொன்னாலும் தலை தப்பாது. பத்து நாள் தவணை!"

"குறை எதற்கு? புகழ்ந்தே காரியத்தை முடிக்கிறேன்" என்றார் மந்திரி.

மலையைச் சுற்றிப் போனால் அக்கரைக்கு மூன்று நாள் நடை. அந்த வழியாக ஆள் அனுப்பினார். பத்தாம் நாள் ஐந்து தூதர்களையும் ராஜாவையும் பாலத் திறப்பு விருந்துக்கு அழைத்தார். அவர்கள் பசியோடு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பந்தலும் இலையும் நெய்ச்சோறும் அக்கரையில் இருந்தன.

"ஐந்து நாட்டு அன்பில் எழுந்த அற்புதப் பாலம்! நடந்து வாருங்கள், பெரியவர்களே" என்று மந்திரி கும்பிட்டார்.

ஒரு தூதர் அண்ணாந்து பார்த்தார். "எங்கள் தூண் சரிதான். பக்கத்துத் தூண்தான் குட்டை."

"உங்களுடையதுதான் நெட்டை!" என்றார் அடுத்தவர். ஐவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். வெயில் உச்சியைத் தாண்டியது.

"சண்டை போதும், ஓடத்தைக் கொண்டா!" என்று கத்தினான் ராஜா.

"பாலம் இருக்கும்போது ஓடம் எதற்கென்று தாங்கள்தானே பூட்டச் சொன்னீர்கள்?" என்றார் மந்திரி.

தூதர்களில் மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "மகாராஜா, இங்கே பாலம் இல்லை."

கூட்டத்திலிருந்து இருளாயி முன்னே வந்தாள். "ஒரு வேளைச் சோத்துக்கே நீங்க இப்படித் தவிக்கிறீங்க, ராசா. எம்மவ இதே கரையில ஒன்றரை நாள் கிடந்தா. மருத்துவச்சி அந்தக் கரையில நின்னு அழுதா. நான் ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு நின்னேன்."

ராஜாவின் கண் கலங்கியது. "ஏகாம்பரநாதா, ஓடங்களை உன் தோளாலேயே ஆற்றுக்கு இழுத்து வா. மந்திரியாரே, இனி ஒரே கோல். அளப்பது நம் ஆட்கள்." தூதர்கள் மறுக்கவில்லை. ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி இருளாயியிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "என் ஓடத்த முதல்ல எறக்கச் சொல்லுங்க, சாமி. எங்க தெருவுல இன்னும் ரெண்டு பொண்ணுங்க மாசமா இருக்கு."

ஏகாம்பரநாதன் இழுத்துவந்த ஓடத்தில் அவள் தனியாக ஏறி, மருத்துவச்சியைக் கூட்டிவரப் போனாள். கதை இவ்வளவுதான். இதில் சிரிக்க இடம் இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.