பட்டியலில் இருந்த நாலு பேர்

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தோரு வயது. அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் பீளமேட்டில் இருந்த அந்தப் பட்டறைக்குள் கால் வைத்தார். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. மேடம் என்பதும் தொண்டையிலேயே நின்றது. கடைசியில் அம்மணி என்றார். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே அண்ணே என்றார். அத்தோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

தாராபுரம் பக்கம் ஒரு மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் குழந்தைவேலு. வயரோடு நின்றது போதும், கம்ப்யூட்டர் போர்டுக்குள் ஓடும் நிரலையும் எழுதிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பி வந்துவிட்டார். இந்த வயசில் கிறுக்குப் பிடித்திருக்கிறது, நான் வரமாட்டேன் என்று ஊரிலேயே இருந்துவிட்டாள் அவர் மனைவி தெய்வானை. அது பொங்கல் சமயம். இப்போது ஆவணி. போனில் பேசிக்கொள்வார்கள், போர் மோட்டார், மாட்டுத் தீவனம் என்று. வருகிறாயா என்று மட்டும் அவர் திரும்பக் கேட்டதே இல்லை. ராத்திரிச் சோற்றைத் தனியாகத் தின்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது ஜெசிந்தா, அக்கா எப்போது வருகிறார்கள் என்று விசாரித்தார். கேள்வி முடிவதற்குள் வரமாட்டாள் என்றார் குழந்தைவேலு. பொங்கலுக்கே சொல்லிவிட்டாளாம்.  ஜெசிந்தா கையைக் கழுவிக்கொண்டு அவர் எழுதியதைப் பார்க்க வந்தார்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்ற சின்ன நிரல். டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் வழியாக ஒவ்வோர் இடமாகக் குரல் கொடுத்து, எந்தெந்த டிஸ்க் இருக்கிறது என்று பட்டியல் போட்டுக்கொள்ளும். நடுவில் டிஸ்க்கைக் கழற்றி மாற்றினால் மறுபடி கேட்க வேண்டும். அதுதான் ரீஸ்கேன். பத்து நாளாக அவர் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா நாலு டிஸ்க்கையும் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இப்ப ரீஸ்கேன் கொடுங்கண்ணே."

கொடுத்தார். நாலு டிஸ்க்கும் நலமாக இருப்பதாகத் திரை சொன்னது. குழந்தைவேலுவுக்குக் காது சூடாகிவிட்டது.

"ஒருக்கா பதில் சொன்னவங்களை எதுக்குங்க மறுபடி தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்," என்றார். காலி இடங்களை மட்டும்தான் அவர் நிரல் கேட்டது.

பழைய பட்டியலை முதலில் அழித்துவிட வேண்டும், அப்புறம் யார் என்ன சொல்வார்கள் என்று தெரியாதவர் மாதிரி முதல் இடத்திலிருந்து கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்றார் ஜெசிந்தா. அழிக்கிற வரியை அவரே டைப் அடித்துக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்.

குழந்தைவேலு அந்த வரியையே பார்த்தார். ஓடவிட மனசு வரவில்லை.

"அழிச்சுப்போட்டுக் கேட்டு, யாருமே இல்லைன்னு வந்துட்டா என்னங்க அம்மணி பண்றது? இருந்த பேரும் போயிருமே."

அதைக் கேட்கும்போது அவர் போர்டைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஜெசிந்தா அலமாரியிலிருந்து வேறொரு டிஸ்க்கை எடுத்து மூன்றாவது இடத்தில் செருகினார்.

"இது இருக்கா, இல்லையா?"

"இருக்குதுங்க. கண்ணு முன்னால இருக்குதே."

"உங்க பட்டியல் என்ன சொல்லுது?"

பார்த்தார். மூன்றாவது இடத்தில், மேஜைமேல் கிடந்த பழைய டிஸ்க்கின் பெயர்தான் இருந்தது.

"இது வந்ததே அதுக்குத் தெரியலீங்க."

"ம்."

"சரிங்க. ஆனா கேட்டு, இல்லைன்னே வந்துட்டா?"

"இல்லைன்னு வந்தா அது இன்னைக்கு வந்த பதில்ண்ணே," என்றார் ஜெசிந்தா. "உங்க கையில இருக்கறது பொங்கலுக்கு வந்தது."

குழந்தைவேலு அந்த வரியை ஓடவிட்டார். பட்டியல் வெறுமையானது. ஓரிரு நொடி கழித்து மூன்றாவது இடத்தில் புதுப் பெயர் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. தீவனத்தைப் பற்றியும் கேட்கவில்லை. இங்கே வருகிறாயா என்று நேராகக் கேட்டார். அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் நின்றது.

"இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு ஏழு மாசமாயிருச்சாக்கும்," என்றாள் தெய்வானை.