கேள்வி முடிவதற்குள்

"ஏழு கம்பெனி, பெனாசிர். ஏழுலயும் கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொன்னேன். ஏழு பேரும் 'அப்புறம் சொல்றோம்'னு அனுப்பி வச்சுட்டாங்க. ஏன்?"

இசக்கிமுத்து மூச்சுவிடாமல் கேட்டு முடித்தான்.

பெனாசிர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

அவள் அவனோடு படித்தவள். கல்லூரியில் அவளுக்கு மூன்று அரியர். அவனுக்கு ஒன்றுகூட இல்லை. இன்று அவள் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில், வேலை கேட்டு வருகிறவர்களை நேர்காணல் செய்யும் இடத்தில் இருந்தாள். அவளிடம் போய்க் கேட்பதா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

சனிக்கிழமை. அவள் அலுவலகம் இருந்த பன்னிரண்டாவது மாடியில் வேறு ஆள் இல்லை. மழை மேகம் கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. கீழே சாலை மறைந்துவிட்டது. கட்டிடம் தரையை விட்டுக் கிளம்பி எங்கோ மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது.

"திங்கட்கிழமை எட்டாவது இன்டர்வியூ," என்றான். "இதுலயும் போச்சுன்னா அங்க ஒரு வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. இப்ப இருக்கிற கம்பெனியை மாசக் கடைசியில மூடுறாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

"நோட்டு கொண்டு வந்திருக்கியா?"

எடுத்து வைத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு நேர்காணல் கேள்விகள். சிவப்பு மையில் கேள்வி, நீல மையில் விடை.

பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க அவன் வீட்டில் யாரும் இருந்ததில்லை. சந்தேகம் வருவதற்கு முன்பே விடையைச் சேர்த்து வைக்க அவன் பழகியிருந்தான்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள்.

"கையெழுத்து இப்பவும் அச்சு மாதிரி இருக்குல. காலேஜ்ல இந்தக் கையெழுத்தைப் பார்த்து எழுதியே நான் மூணு அரியர் வச்சேன் பாரு, அதுக்கும் ஒரு திறமை வேணும்."

"விளையாடாத, பெனாசிர்."

"சரி, போர்டுகிட்ட போ."

போனான். மார்க்கரைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"ஒரு கட்டிடம். பன்னிரண்டு மாடி, நாலு லிஃப்ட். காலையில ஒன்பது மணிக்குக் கீழே ஒரே கூட்டம்..."

நோட்டில் நூற்று நாற்பதாவது கேள்வி. கை தானாக ஓடத் தொடங்கியது.

எந்த லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், யாரை முதலில் ஏற்ற வேண்டும், காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறையும். யோசிப்பதுபோல் இரண்டு இடங்களில் நிறுத்தினான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் நோட்டில் பென்சிலால் குறித்து வைத்ததுதான்.

போர்டு நிறைந்தது.

"சரியா இருக்கா?"

"அழகா இருக்கு."

"சரியா இருக்கான்னு கேட்டேன்."

"எதுக்குச் சரியா?"

"நீ கேட்ட கேள்விக்கு."

"நான் இன்னும் கேட்கவே இல்லையே, இசக்கி."

அவன் போர்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அப்போ அந்த ஏழு இடத்துலயும்..."

திறந்திருந்த மார்க்கரை மூடினான்.

அவள் எழுந்து வந்து போர்டைத் துடைத்தாள். நீல மை கலைந்து, வெளியே இருந்த மேகத்தின் நிறத்துக்கு வந்து, பிறகு அதுவும் போயிற்று.

"இப்ப முழுசாச் சொல்றேன். ஒன்பது மணி. கீழே கூட்டம். லிஃப்ட் காலியா வருது. கதவு திறக்குது. யாரும் ஏறல. கதவு மூடுது. அடுத்த லிஃப்ட் வருது. அதுலயும் யாரும் ஏறல. நீ என்ன செய்வ?"

அவன் மனத்துக்குள் நோட்டைப் புரட்டினான். கடைசிப் பக்கம்வரை போனான். அதற்கப்புறம் அட்டை.

"கதவுல கோளாறா இருக்கும்," என்றான்.

"நீ பார்த்தியா?"

"இல்ல."

அவள் மறுபடி உட்கார்ந்து கோப்பையைக் கையில் எடுத்தாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதையும் மெதுவாகக் குடித்தாள்.

மேகம் இன்னும் அடர்ந்தது. அறை முழுக்க வெள்ளையாயிற்று. அந்த வெள்ளைக்குள் அவனுக்கு அந்தக் கூட்டம் தெரிந்தது. மழையில் நனைந்த செருப்புகள். மார்போடு அணைத்த பைகள். லிஃப்ட் திறந்தபோது வெளிச்சம் அவர்கள் காலடிவரை வந்து விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒருவருக்கும் அவசரமில்லை. அவன் எல்லோருக்கும் பின்னால் நின்று, அவர்கள் முகத்தைப் பார்க்க எக்கினான். போர்டில் அவர்களைச் சின்னச் சின்ன வட்டங்களாகத்தான் போட்டிருந்தான்.

எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியவில்லை.

"பெனாசிர்."

"ம்."

"அவங்கள்ல யார்கிட்டயாவது நான் பேசலாமா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அறைக் கதவருகே போய், அவனுக்கு முதுகு காட்டி, லிஃப்ட் எந்த மாடியில் வருகிறது என்று பார்க்கிறவளைப்போல் தலையைத் தூக்கி நின்றாள்.

அவன் மார்க்கரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் அவனும் மேலே பார்த்தான்.

பிறகு திரும்பி, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல் கேட்டான்:

"நீங்க ஏன் ஏறலை?"

கேட்டுவிட்டு, அவள் பேசட்டும் என்று நின்றான்.