தக்காளி சாதத்துக்குப் பின்னால்

சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது. அதுதான் சிக்கலே. அவசரப்பட்டு யாருக்கும் மாலை போட்டுவிடாமல் கடைசி வரை கேளுங்கள்.

முகிலூரில் மேகம் கதவைத் தட்டுவதில்லை. ஜன்னல் திறந்திருந்தால் நேரே உள்ளே வரும், கொடியில் காயும் துணிமேல் கொஞ்ச நேரம் உட்காரும், பிறகு வாசல் வழியாகப் போய்விடும். யாரும் அதை எங்கே வந்தாய் என்று கேட்பதில்லை.

அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஓர் இணையதளம் கட்டினார்கள். மனசு கனத்துப்போன பதின்வயதுப் பிள்ளைகள் வந்து எழுதுவதற்கு. வாசல் பக்கத்தை வரைந்தவள் நஸ்ரின். அது பெயர் கேட்காது, போன் நம்பர் கேட்காது. வெளிர் நீலத்தில் ஒரு மேகம் மட்டும் மிதக்கும். எழுதும் பிள்ளைக்கு உடனுக்குடன் பதில் சொல்பவன் மரியசெல்வம், மனநல ஆலோசகன். எழுதியது எங்கே போகும், எத்தனை நாள் இருக்கும் என்பது பொற்கொடியின் பொறுப்பு. மூவரில் மூத்தவள், பதினைந்து வயது மகளுக்கு அம்மா.

பிள்ளை எழுதும்போது யாராவது எட்டிப்பார்த்தால்? அந்த மேகத்தைத் தொட்டால் போதும், திரை சட்டென்று தக்காளி சாதம் செய்முறையாக மாறிவிடும். செய்முறை பொற்கொடி கொடுத்தது. இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடவும் என்று கடைசி வரியில் இருக்கும். சிரிக்காதீர்கள், அவள் வீட்டில் அப்படித்தான்.

"எழுதினதை ஒரு வாரமாவது வெச்சிருப்போம்க்கா. ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்றாள் நஸ்ரின்.

"வேண்டாம். கையில இருந்தா ஒருநாள் எனக்கே பார்க்கத் தோணும்" என்றாள் பொற்கொடி. பக்கத்தை மூடிய கணமே எழுத்து அடியோடு அழிந்துபோகும்படி கட்டினாள். நகல் இல்லை, மீட்க வழியும் இல்லை. அந்த நாட்களில் அவள் மகள் இதழினி வீடு அதிரச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மாதம் போனது. இதழினியின் சிரிப்பு நின்றது. பேச்சு குறைந்தது, தட்டில் சோறு அப்படியே ஆறிப்போனது. "என்னடி கண்ணு?" என்றால் "ஒண்ணுமில்லம்மா."

ஒரு காலை, வீட்டுக்குள் மேகம் நிறைந்திருந்தபோது, பொற்கொடி காபியோடு மகளின் அறைக்குள் போனாள். இதழினி விரலைச் சட்டென்று நகர்த்தினாள். போன் திரையில் தக்காளி சாதம்.

அடுப்பங்கரைப் பக்கமே வராத பெண்! வெல்லம் போடச் சொல்லும் அந்தக் கடைசி வரி வரைக்கும் பொற்கொடிக்குத் தெரிந்தது. காபி டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். என் பிள்ளை அங்கேதான் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள்? எவ்வளவு ஆழத்தில் நிற்கிறாள்?

நேராக மரியசெல்வத்திடம் போனாள். அவனுக்குத் தெரியும். 'இந்தத் தளத்தைக் கட்டினதில் எங்க அம்மாவும் ஒருத்தங்க' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். திரையில் அழிந்தது அவன் தலைக்குள் அழியுமா?

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு தம்பி. உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"யாருக்காவது உயிராபத்துன்னா நான் இங்க உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்க மாட்டேன்க்கா. அதுக்கு மேல கேட்காதீங்க." அவன் கண் கலங்கியது.

பக்கத்து மேசையில் இருந்த நஸ்ரினால் பொற்கொடியின் அழுகையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இருங்கக்கா, நான் தேடறேன்" என்று உட்கார்ந்தாள். பிள்ளைகள் எழுதியதைத் தேடக் கூடாது என்ற விதியாவது ஒன்றாவது என்று மூலைமுடுக்கெல்லாம் துழாவினாள். மதியம் வரைக்கும் தேடிவிட்டுக் கையை விரித்தாள். "ஒண்ணுமே இல்லக்கா. நீங்க கட்டினதாச்சே, ஒரு ஓட்டைகூட விடல."

பொற்கொடி தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வேறென்ன செய்வாள்? தக்காளி நறுக்கினாள். சாதம் கிளறி, வெல்லம் போட்டு இறக்கி, தட்டில் எடுத்துப்போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இதழினி தட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "நான் எழுதினதைப் படிச்சியா?" என்றாள்.

"படிக்கணும்னு தவிச்சேன்டி. கெஞ்சிப் பார்த்தேன், தேடவும் விட்டேன். முடியல. அப்படிக் கட்டி வெச்சிட்டேன்."

"தெரியும். அதனாலதான் அங்க எழுதினேன்." ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். "பாதி சொல்றேன். மீதியை அப்புறம் பார்க்கலாம்."

ஜன்னலோரம் நின்ற மேகம் மெல்ல வெளியே நகர்ந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தெரிந்தும் வாய் திறக்காத மரியசெல்வம், ஒரு தாய்க்காக விதியையே மீறத் துணிந்த நஸ்ரின், கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்த பொற்கொடி. இந்த மூவரில் அந்தப் பிள்ளையின் நம்பிக்கையைக் காத்தது யார்?

விடை: மரியசெல்வம் என்பீர்கள். நல்லவன்தான். ஆனால் அவன் அன்றைக்குக் காத்தது தன் நாவை. நாளைக்கு இன்னொரு தாய் அழுதால் மறுபடியும் காக்க வேண்டும். நஸ்ரினின் இரக்கம் பெரிது, பூட்டு இருந்திருந்தால் உடைத்தே இருப்பாள். கெஞ்சிய பொற்கொடியோ, கிடைத்திருந்தால் ஒரு வரி விடாமல் படித்திருப்பாள், அவளே ஒப்புக்கொண்டாள். காத்தவளும் பொற்கொடிதான், நாலு மாதத்துக்கு முந்தைய பொற்கொடி. யாரும் கேட்காதபோதே, மகள் சிரித்துக்கொண்டிருந்தபோதே, ஒருநாள் தன் கையே நீளும் என்று தெரிந்து எல்லாம் அழியும்படி கட்டிவைத்தாளே, அவள். தன்னையே நம்பாத அந்த அம்மாவை நம்பித்தான் மகள் எழுதினாள்.