இருபத்தெட்டு என்று வாசித்தவர்

போடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறை. அங்கே தாமரைச்செல்வி தினமும் பாடம் எடுத்தாள். எதிரே மாணவர்கள் யாரும் இல்லை, ஒரு கேமரா மட்டும் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுகிறவர்களுக்காக அவள் வீடியோக்கள் போட்டாள். பின்னக் கணக்கு, ரத்த ஓட்டம், வரைபடம் பார்ப்பது, வங்கிப் படிவம் நிரப்புவது எல்லாம் அதில் உண்டு. சனிக்கிழமைதோறும் அந்த வாரத்துச் செய்திகளும் எளிய தமிழில், நிதானமாக வரும்.

அவளிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் மாயழகு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், அவளைவிட இருபத்தேழு வயது மூத்தவர். நல்ல கணீரென்ற குரல். ஒரு வருடம் பழகிய பிறகு, செய்தி வாசிப்பதை அவரிடமே விட்டிருந்தாள்.

பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை. மாயழகு படியேறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"சொல்லுங்கண்ணே."

"பரீட்சைக்கு விண்ணப்பம் போடக் கடைசித் தேதி பதினெட்டு. சனிக்கிழமை செய்தியில நான் இருபத்தெட்டுன்னு வாசிச்சிருக்கேன்."

தாமரைச்செல்வி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"யாரும் கண்டுபிடிக்கறதுக்குள்ள அந்த வீடியோவை அழிச்சிரவா?" என்றார்.

"எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

"நானூறுக்கு மேல."

"நானூறு பேர் மனசுல போய் உக்காந்துருச்சே, அதையும் சேர்த்து அழிக்க முடியுமா?"

மாயழகு தலை குனிந்து நின்றார்.

"உக்காருங்கண்ணே. இப்பவே திருத்திச் சொல்லிரலாம்." கேமராவை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அன்பான நேயர்களே, தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..."

"என்ன கோளாறு?"

"அது... எல்லாரும் சொல்றதுதானே டீச்சர்."

"தேதியை வாசிச்சது கேமராவா?"

மறுபடி ஆரம்பித்தார். "கடந்த வாரச் செய்தியில் தேதி தவறாக வாசிக்கப்பட்டுவிட்டது..."

"யாரால?"

மூன்றாவது முறை மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. அவள் கேமராவை அணைத்தாள்.

"நீங்க அழுது முடிக்கறதுக்குள்ள பாக்கறவங்க அடுத்த வீடியோவுக்குப் போயிருவாங்க. தேதி எங்கண்ணே?"

ஏழாவது முறை சொன்னதுதான் சரியாக வந்தது.

"என் பேர் மாயழகு. கடைசித் தேதி இருபத்தெட்டுன்னு நான் சொன்னது தப்பு. பதினெட்டுதான். நாளைக்கழிச்சு சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. இன்னிக்கே போய் விண்ணப்பம் போடுங்க."

தாமரைச்செல்வி அவர் பக்கத்தில் வந்து நின்று ஒரு வரி சேர்த்தாள். "நான் சரிபார்க்காம வெளியிட்டேன். அது என் தப்பு."

பழைய வீடியோவை அவள் அழிக்கவில்லை. திருத்தத்தை அதன் நெற்றியிலேயே ஒட்டி வைத்தாள்.

பிறகு இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். இந்த முறை தேர்வு எழுதப்போவதாகப் பெயர் கொடுத்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். சிலர் பதறினார்கள். ஒருவர் திட்டினார். மறுநாள் மாலைக்குள் முப்பது பேர் விண்ணப்பம் போட்டுவிட்டார்கள்.

ஒரு எண் மட்டும் எடுக்கவே இல்லை.

"பவுன்தாய்," என்றாள் தாமரைச்செல்வி. "மேல மலையில ஏலக்காய்த் தோட்டத்துல வேலை. அங்க சிக்னல் கிடையாது. ஞாயித்துக்கிழமை கீழ இறங்கறப்ப வீடியோவையெல்லாம் போன்ல ஏத்திட்டுப் போயி வாரம் பூரா பாப்பாங்க."

"அப்ப நம்ம திருத்தினது..."

"போயிருக்காது."

"நாம அவங்க பேர்ல போட முடியாதா?"

"அவங்களே வந்து கையெழுத்துப் போடணும்."

"எந்தத் தோட்டம்?"

"மெட்டுக்கு மேலன்னு மட்டும்தான் தெரியும்."

"கேட்டுக் கேட்டுப் போயிருவேன்," என்றார் மாயழகு.

பதினெட்டாம் தேதி காலை, கூலிக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டார். மூன்று தோட்டங்களில் அந்தப் பெயரைத் தெரியாது என்றார்கள். நான்காவதில், மதியத்துக்கு மேல், ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த பெண்களைப் பார்த்து அவர் குரல் கொடுத்தார்.

"பவுன்தாய்ங்கறது யாரும்மா?"

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியுமே! செய்தி வாசிக்கற அண்ணன்தானே நீங்க?"

"ஆமா தாயி. தேதியைத் தப்பா வாசிச்சவன். கடைசி நாள் இன்னிக்குத்தான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"கங்காணிகிட்ட இருபத்தேழாந்தேதிக்கு லீவு சொல்லி வச்சிருக்கேனே," என்றாள்.

கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். ஜீப் நாலு மணிக்குத்தான் இறங்கும். அதுவரை இருவரும் காத்திருக்கவில்லை. குறுக்குப்பாதையில் நடந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால்.

"பத்தாவது எதுக்குத் தாயி?"

"அங்கன்வாடியில ஆள் எடுக்கப்போறாங்க. பத்து பாஸாகியிருக்கணுமாம்."

சொல்லிவிட்டு அவள் நடையை எட்டிப்போட்டாள். ஓரிடத்தில் மாயழகு சறுக்கி விழுந்தார். முழங்காலில் தோல் கிழிந்தது. அவள் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அப்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விண்ணப்பம் போடும் சேவை மையத்துக்கு வந்தபோது மணி ஐந்து இருபது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் தாமரைச்செல்வி நின்றிருந்தாள்.

"அஞ்சு மணிக்கே மூடிருச்சு. கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது," என்றாள். பிறகு பவுன்தாயின் பக்கம் திரும்பினாள். "நான் ஒரு தடவை பார்த்திருந்தா இது நடந்திருக்காது. மன்னிச்சிருங்கக்கா."

பவுன்தாய் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது எப்ப?"

"ஆறு மாசம் கழிச்சு."

"விண்ணப்பம் என்னிக்கு?"

மாயழகு வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"வேணாம். நீங்க சொல்ல வேணாம். நானே இந்த ஆபீஸ்ல கேக்கறேன். எழுதிப் போட்டிருக்காங்களான்னும் பாக்கறேன். பொறவு உங்க வீடியோவையும் பாக்கறேன். மூணும் ஒண்ணா இருந்தாத்தான் கங்காணிகிட்ட லீவு கேப்பேன்."

குனிந்து, பாதி இறங்கிய ஷட்டருக்குள் தலையை நுழைத்தாள். உள்ளே இருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

அவள் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம மேல இருந்த நம்பிக்கை போச்சு டீச்சர்," என்றார் மாயழகு. "நான் இனி செய்தி வாசிக்கல. எனக்குத் தகுதி இல்ல."

"இப்ப அவங்க செஞ்சதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அதை நம்ம எந்த வீடியோவுலயாவது சொல்லிக் கொடுத்திருக்கோமா?"

மாயழகு யோசித்தார். "இல்ல."

"அப்ப நாளைக்குக் கேமராவைத் தூக்கிட்டு மேல போங்க. தேதியைச் சரிபாக்கற அந்தப் பாடத்தை அவங்களை எடுக்கச் சொல்லிக் கேளுங்க."

"எந்த முகத்தோட போறது? என்னைத் திட்டுவாங்க டீச்சர்."

"திட்டுவாங்க," என்றாள் தாமரைச்செல்வி. "அவங்க சரின்னு சொன்னா, திட்டினதையும் வெட்டாமப் போடுவோம்."